‘ரா’ என்றால் எங்கள் ‘ஐ’

கேள்வி: பாரசீகம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். வசனத்தை ஆங்கிலம் மாதிரியா அடுக்குவது?
- வாசகி, கொக்குவில்

பதில்: ஐயோ, இல்லைத் தங்கச்சி, தமிழ் மாதிரித்தான், வினை கடைசியில் வரும். ‘மன் கெத்தாப் ரா ஃகாந்தம்’ என்றால் நான் புத்தகத்தை வாசித்தேன்; அந்த ‘ரா’ எங்கள் ‘ஐ’யின் வேலையைச் செய்கிறது, அதுவும் குறிப்பிட்ட புத்தகம் என்றால்தான், சும்மா புத்தகம் வாசித்தேன் என்பதற்கு ‘கெத்தாப் ஃகாந்தம்’ போதும், நாங்களும் அப்போது ‘ஐ’யை விட்டுவிடுகிறோமே! கடைசி ‘அம்’ எங்கள் ‘வாசித்தேன்’ முடிவில் வரும் ‘ஏன்’ போல, ஆகவே ‘மன்’ இல்லாமலும் சரி. இடறுவது பெயரடையில்தான். பெரிய புத்தகம் அங்கே ‘கெத்தாபெ பொசோர்க்’, பெயர் முன்னுக்கு, இடையில் ஒரு ‘எ’. எழுத்தில் அந்த ‘எ’ பெரும்பாலும் தெரியாது, காதால்தான் பிடிக்கவேண்டும். அப்புறம், அவனுக்கும் அவளுக்கும் ஒரே ‘ஊ’தான்.