மொபைல் கேமில் வைப்ரேஷன் எரிச்சல் தராமல் இருக்க என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டில் பசில் கேம் செய்கிறீர்கள். கட்டத்தைத் தொடும்போதெல்லாம் 50 மில்லிசெகண்ட் அதிர்வு. உங்கள் போனில் சுகமாக இருப்பது, நண்பரின் விலை குறைந்த போனில் ஏன் எரிச்சலாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு போன்களிலும் இருக்கும் மோட்டார் வேறாக இருக்கும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் ஒருபக்கம் கனமான எடையைச் சுழற்றும் குட்டி மோட்டார்தான். வேகம் பிடிக்கவே அதற்குச் சில பத்து மில்லிசெகண்ட் ஆகும். நிற்கவும் நேரம் எடுக்கும். 10 கொடுத்தால் அசையாது, 50 கொடுத்தால் ‘டர்ர்ர்’ என்று இழுக்கும். விலை கூடிய போன்களில் பெரும்பாலும் இருப்பது எல்ஆர்ஏ (லீனியர் ரெசனன்ட் ஆக்சுவேட்டர்) என்ற வேறு வகை மோட்டார். அதில் எடை சுழலாது, ஸ்பிரிங்கில் முன்னும் பின்னும் ஓடும். அதனால் ‘டக்’ என்று தட்டிவிட்டுச் சட்டென நின்றுவிடும்.

ஆகவே மில்லிசெகண்ட் கணக்கை விடுங்கள். சாதாரணத் தொடுதலுக்கு ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் பெர்ஃபார்ம்ஹாப்டிக்ஃபீட்பேக் (performHapticFeedback) என்ற கட்டளை போதும். இதற்கு வைப்ரேட் பெர்மிஷன் வேண்டாம். தொடு அதிர்வை செட்டிங்ஸில் அணைத்து வைத்தவரையும் தொந்தரவு செய்யாது. ஆண்ட்ராய்டு 10 முதல் டிக் (லேசானது), கிளிக், ஹெவி கிளிக் (பலமானது) என்று அதிர்வுகள் தயாராகவே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 11-இல் வந்த காம்போசிஷன் என்ற வசதியில் சின்னச் சின்ன அதிர்வுகளைக் கோத்துப் புதிதாகச் செய்யலாம். ஆனால் கேம் ஓடும் போன் அதை ஆதரிக்கிறதா என்று முதலில் கோடிலேயே கேளுங்கள். இல்லையென்றால் பேசாமல் விட்டுவிடுங்கள். மட்டமான அதிர்வுக்கு அதிர்வே இல்லாதது மேல். பின்னால் ஐபோனுக்குப் போனால் அங்கே அதிர்வுகளை உருவாக்க கோர் ஹாப்டிக்ஸ் என்ற வசதி இருக்கிறது (ஐஓஎஸ் 13 முதல், 2019). அதில் வலிமையையும் கூர்மையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அதே வலிமையில் கூர்மையைக் குறைத்தாலே மரத்தில் தட்டியது மெத்தையில் தட்டியதுபோல் ஆகிவிடும்.

சரி, எங்கே வைப்பது? என்னைக் கேட்டால் ஒவ்வொரு தொடுதலுக்கும் வைப்பது வீண். கொஞ்ச நேரத்தில் விரல் அதைக் கண்டுகொள்ளாது, பேட்டரிதான் போகும். கட்டங்கள் சேர்ந்து உடையும்போது மட்டும் வையுங்கள். தொடர்ந்து உடைந்தால் டிக்கிலிருந்து ஹெவி கிளிக் வரை ஏற்றிக்கொண்டு போங்கள். திரையில் உடையும் அதே ஃபிரேமில் அதிர்வும் ஒலியும் வர வேண்டும். ப்ளூடூத் இயர்போனில் ஒலி எப்படியும் பிந்தும். அப்போதும் அதிர்வு திரையோடுதான் போக வேண்டும், ஒலிக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், கேமுக்குள்ளேயே ஒரு ஆஃப் பட்டன் கட்டாயம். சோதிக்கும்போது நண்பரின் அந்த போனையே வாங்கி, தடிமனான கவர் போட்டு, கையில் பிடித்துப் பாருங்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் மேசையும் சேர்ந்து அதிர்ந்து ஏமாற்றிவிடும்.