ஒரே விதை, தொண்டியில் ஒரு மாதிரி, பரமக்குடியில் ஒரு மாதிரி ஏன்?

ஒரு நெல் ரகம் தொண்டிப் பக்கத்து உவர் நிலத்தில் குட்டையாகவும் பரமக்குடியில் செழிப்பாகவும் வளர்கிறது, வேறொன்று இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கிறது, ஏன் என்று கேட்கிறீர்கள்.

மண் மட்டும் காரணமில்லை. மண்ணுக்கு ஏற்ப எவ்வளவு மாறுவது என்பதும் மரபணுவில்தான் இருக்கிறது.

கேரளத்துப் பொக்காளி நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1ஆம் குரோமோசோமில் சால்டால் என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள ஒரு மரபணு தரும் புரதம், வேரிலிருந்து மேலே ஏறும் நீரிலிருந்து சோடியத்தை இழுத்துவிடும், அதனால் இலைக்கு உப்பு குறைவாகவே போகும். நல்ல தண்ணீரில் இதற்குப் பெரிய வேலை இல்லை, அப்போது இந்த மரபணு உள்ள ரகமும் இல்லாத ரகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். உப்பு ஏறினால்தான் வித்தியாசம். வெள்ளத்தைத் தாங்க உதவும் சப்1ஏ என்ற நெல் மரபணுவும் இப்படித்தான், பயிர் மூழ்கி எத்திலீன் (செடியே உண்டாக்கும் ஒரு வாயு) சேர்ந்தால் வேலையைத் தொடங்கி, வளர்ச்சியை அடக்கிச் சக்தியை மிச்சம் பிடித்து இரண்டு வாரம்வரை தாங்க வைக்கும். (நம்மூர் மானாவாரிக்கு ஐப்பசி மழை கொட்டினால்தான் அந்தக் கவலை!)

அப்புறம் ஒன்று. மக்காச்சோளத்தில் பார்த்தபோது, சராசரி உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களும் இடத்துக்கு இடம் அது எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பவையும் பெரும்பாலும் வேறு வேறாக இருந்தன. அதாவது உயரமான, ஆனால் எங்கும் மாறாத ரகத்தை உருவாக்க வழியிருக்கிறது. அதற்கு ஒரே வயலில் பார்த்தால் போதாது, உவர், நல்ல மண் இரண்டிலும் விதைத்துப் பார்க்க வேண்டும்.