ரவுட்டர் தன்னை எப்படி அறிவிக்கிறது? ஐபிவி6 கேள்வி பதில்

வீட்டு வைஃபை, அலுவலகச் சுவிட்ச், வகுப்புப் பயிற்சி என்று பல பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு) வலையில் பக்கத்தில் எந்த ரவுட்டர் இருக்கிறது என்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது?

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அண்ணா, கேபிளைச் செருகியதிலிருந்து டீஃபால்ட் கேட்வே, அதாவது வெளி இணையத்துக்குப் போகும் வாசல், கிடைக்கும்வரை என்னென்ன நடக்கிறது? பாடத்தில் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

முதலில் கணினி யாரையும் கேட்காமல் எஃப்இ80 என்று தொடங்கும், உள்ளூர் இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி ஒன்றைத் தானே அமைத்துக்கொள்ளும். அதே முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு பாக்கெட் அனுப்பி ஒரு விநாடி காத்திருக்கும். பிறகு எஃப்எஃப்02::2 என்ற, எல்லா ரவுட்டர்களும் கேட்கும் குழு முகவரிக்கு ஆர்எஸ் (ரவுட்டர் சொலிசிட்டேஷன்) பாக்கெட்டை அனுப்பும். இது ஐசிஎம்பிவி6 என்ற கட்டுப்பாட்டுச் செய்தி நெறிமுறையில் 133ஆம் வகை. ‘இங்கே ரவுட்டர் யாராவது உண்டா?’ என்பதுதான் அதன் பொருள். மின்தடைக்குப் பிறகு எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் கேட்டுவிடாதபடி, முதல் ஆர்எஸ்ஸுக்கு முன் 0 முதல் 1 விநாடிக்குள் ஏதோ ஓர் இடைவெளி விடப்படும். பதில் வரவில்லை என்றால் 4 விநாடிக்கு ஒருமுறை, மொத்தம் 3 தடவை கேட்கும்.

ரவுட்டர் அரை விநாடிக்குள் ஆர்ஏ (ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட், அதாவது ரவுட்டர் அறிவிப்பு) பாக்கெட்டை, 134ஆம் வகையை, அனுப்பும். அதை வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளில் பிரித்துப் பாருங்கள். கணினிகள் தங்கள் பாக்கெட்டுகளில் போட வேண்டிய ஹாப் லிமிட் (எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) 64, முகவரி வழங்கும் டிஎச்சிபிவி6 சர்வரிடம் முகவரி வாங்கு என்று சொல்லும் எம் கொடி, பிற விவரம் வாங்கு என்று சொல்லும் ஓ கொடி, ரவுட்டர் ஆயுள் (இதைக் கேட்வேயாக எவ்வளவு நேரம் நம்பலாம்) 1800 விநாடி ஆகியவை முதலில் இருக்கும். அதற்குக் கீழே ரவுட்டரின் மேக் முகவரி, எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500, /64 ப்ரிஃபிக்ஸ் (முகவரியின் முதல் 64 பிட்), டிஎன்எஸ் முகவரி எல்லாம் வரிசையாக வரும். அனுப்புநர் முகவரி எஃப்இ80 வகையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி அந்த அறிவிப்பைத் தூக்கி எறிந்துவிடும். அந்த எஃப்இ80 முகவரிதான் உங்கள் கேட்வே. கேட்வேக்கு ‘உண்மையான’ முகவரி வரவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். இதில் பிழை எதுவும் இல்லை.

யாரும் கேட்காவிட்டாலும் ரவுட்டர் அவ்வப்போது எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இயல்பு அமைப்பில் இரண்டு அறிவிப்புகளுக்கு இடையே அதிகபட்சம் 600 விநாடி. ஆயுள் அதைப்போல் மூன்று மடங்கு என்பதால்தான் 1800 வருகிறது.

அதே மாணவர்: ஐபிவி4-இல் இந்த ஏற்பாடு ஏன் இல்லை?

இருந்தது. 1991இல் வந்த ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 1256 இதைத்தான் சொல்கிறது, ஐசிஎம்பி 9, 10ஆம் வகைகள். டிஎச்சிபி பரவியதும் கேட்வேயை அதன் 3ஆம் ஆப்ஷன் வழியாகவே கொடுத்துவிட்டார்கள், யாரும் இதைச் சீண்டவில்லை.

சிங்கப்பூர் உபியில் சிறு அலுவலகம் நடத்துபவர்: சார், டிஎச்சிபிவி6 சர்வர் போட்டிருக்கிறேன். எல்லாக் கணினிக்கும் முகவரி கிடைக்கிறது, ஆனால் வெளியே எதுவும் போகவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு முகவரிகூட இல்லை.

ஐபிவி4 பழக்கத்தில் வரும் சிக்கல் இது. டிஎச்சிபிவி6-இல் கேட்வேயைச் சொல்லும் ஆப்ஷனே கிடையாது. கேட்வே ஆர்ஏ வழியாக மட்டுமே வரும். உங்கள் ரவுட்டரில் ஆர்ஏ அணைக்கப்பட்டிருக்கும், அல்லது ரவுட்டர் ஆயுள் 0 என்று இருக்கும். 0 என்றால் ‘நான் இருக்கிறேன், ஆனால் என்னை வெளிவாசலாக எடுத்துக்கொள்ளாதே’ என்று பொருள். அதை 1800 ஆக்குங்கள்.

ஆண்ட்ராய்டு டிஎச்சிபிவி6 சர்வரிடம் தனி முகவரி கேட்டு வாங்காது. ப்ரிஃபிக்ஸில் ‘இதை வைத்துத் தானே முகவரி அமைத்துக்கொள்’ என்னும் ஏ கொடி 1 ஆக இருந்து, நீளம் சரியாக /64 ஆக இருந்தால் தானே முகவரி அமைத்துக்கொள்ளும். /80, /96 என்று ‘சிக்கனமாக’ வெட்டிக் கொடுத்தால் வேலை செய்யாது. எம் கொடியையும் ஏ கொடியையும் சேர்த்தே வைக்கலாம். கணினிகள் இரண்டு முகவரி வைத்துக்கொள்ளும், அதனால் பாதகமில்லை. டிஎன்எஸ் முகவரியையும் ஆர்ஏவிலேயே போடுங்கள், ஆர்எஃப்சி 8106 அதற்கு வழி செய்கிறது.

செங்காங், ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு: அண்ணா, வைஃபையில் இணைந்ததும் ஐபிவி6 ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்துப் போய்விடுகிறது. அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது. வெடிகுண்டுப் புகலிடத்துச் சுவர் தடுப்பதால் கூடத்தில் மெஷ் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம்.

அரை மணி என்று கச்சிதமாகச் சொன்னது நல்லதாயிற்று. 1800 விநாடி என்பது அதே அரை மணிதான். இணையும்போது உங்கள் மடிக்கணினி ஆர்எஸ் கேட்கிறது. ரவுட்டர் அதற்கு மட்டும் நேரடியாகப் பதில் தருகிறது. அதன்பிறகு எல்லோருக்கும் பொதுவாக வரும் அறிவிப்புகள் கூடத்துப் பெட்டியைத் தாண்டி வரவில்லை. எனவே ஆயுள் குறைந்துகொண்டே போய் 0 ஆகிறது, கேட்வே அழிகிறது.

லினக்ஸ் இருந்தால் டீஃபால்ட் ரூட்டைக் காட்டச் சொல்லி, அதில் ‘எக்ஸ்பயர்ஸ்’ எண்ணைக் கவனியுங்கள். சில நிமிடத்துக்கொருமுறை மறுபடி 1800க்கு ஏற வேண்டும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் நோய் உறுதி. மெஷ் பெட்டியின் அமைப்பில் மல்டிகாஸ்ட் (குழு முகவரிக்குப் போகும் பாக்கெட்) வடிகட்டல், எம்எல்டி ஸ்னூப்பிங் என்று என்ன இருந்தாலும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் ஆயுளை 9000 விநாடிக்கு உயர்த்தலாம், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை.

அறிவிப்பை 10 விநாடிக்கு ஒன்றாக அள்ளிவிடும் யோசனை மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பொது அறிவிப்பும் தூங்கும் கைப்பேசிகளை எழுப்பும், பேட்டரி கரையும். மணிக்கு ஏழு போதும் என்ற அளவில்தான் ஆர்எஃப்சி 7772 பேசுகிறது.

ஈசூன்: ஃபைபர் ரவுட்டரை மறுதொடக்கம் செய்தால் அன்று முழுக்கச் சில தளங்கள் இழுக்கின்றன. ஐபிவி6-ஐ அணைத்தால் சரியாகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம், காரணத்தைப் பிடித்துவிடலாம். மறுதொடக்கத்தில் சேவை நிறுவனம் புது ப்ரிஃபிக்ஸ் தருகிறது. பழைய ப்ரிஃபிக்ஸில் அமைத்த முகவரி உங்கள் கணினியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இயல்பு அமைப்பில் அதன் முன்னுரிமை ஆயுள் (புது இணைப்புகளுக்கு எடுக்கப்படும் காலம்) 7 நாள், முழு ஆயுள் 30 நாள். பழைய முகவரியிலிருந்து போகும் பாக்கெட்டுக்குப் பதில் வராது, உலாவி காத்துக் காத்து ஐபிவி4-க்குத் திரும்புகிறது. அந்தத் தாமதம்தான் இழுப்பு.

உடனடித் தீர்வு: கணினியில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். நிலையான தீர்வு: ரவுட்டரில் ப்ரிஃபிக்ஸின் முன்னுரிமை ஆயுளை 2700 விநாடியாகவும், முழு ஆயுளை 5400 ஆகவும் குறையுங்கள். ஆர்எஃப்சி 9096 வீட்டு ரவுட்டர்களுக்குச் சொல்லும் வரம்பு அதுவே.

வீட்டில் சொந்த சர்வர் வைத்திருப்பவர்: கன்டெய்னர் மென்பொருளில் ஐபிவி6-ஐ இயக்கியதும் லினக்ஸ் சர்வருக்கு கேட்வே போய்விட்டது.

அந்த மென்பொருள் ஃபார்வர்டிங்கை, அதாவது மற்றவர்களின் பாக்கெட்டை வாங்கிக் கடத்துவதை, இயக்கியிருக்கும். ஃபார்வர்டிங் இருந்தால் கெர்னல் தன்னையே ரவுட்டராக எண்ணி, ஆர்ஏவைக் காது கொடுத்துக் கேட்காது. அந்த இன்டர்ஃபேஸுக்கு அக்செப்ட்-ஆர்ஏ மதிப்பை 1இலிருந்து 2 ஆக்குங்கள், மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிற்கும்படி சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதிவிடுங்கள்.

தேக்காவில் துணைப்பாட நிலையம்: மாணவர் ஒருவர் சொந்த ரவுட்டரைச் சுவர் சாக்கெட்டில் மாட்டியதும் எல்லாக் கணினிகளும் தடம் மாறிவிட்டன. இவ்வளவு சுலபமா?

ஆமாம், இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் இதுதான். ஆர்ஏவைச் சுமந்து வரும் பாக்கெட்டின் ஹாப் லிமிட் 255 ஆக இருக்க வேண்டும் (முன்பு பார்த்த 64 ஆர்ஏவுக்கு உள்ளே எழுதியிருப்பது, அது வேறு). வழியில் ஒரு ரவுட்டரைத் தாண்டினாலே அது 254 ஆகிவிடும் என்பதால் வெளியூரிலிருந்து யாரும் போலி ஆர்ஏ அனுப்ப முடியாது. ஆனால் அதே கம்பியில், அதே வைஃபையில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் ‘நான்தான் ரவுட்டர்’ என்று சொல்லலாம். கணினி நம்பிவிடும்.

இன்றைக்கே செய்யக்கூடியது: ஆர்ஏவைப் பிடித்து அதை அனுப்பிய மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், சுவிட்சின் மேக் பட்டியலில் தேடி போர்ட்டைக் கண்டுபிடித்து அணையுங்கள். உங்கள் ரவுட்டரின் முன்னுரிமையை ‘ஹை’ ஆக்கினால், தெரியாமல் மாட்டியவரின் ‘மீடியம்’ தோற்கும். ஆனால் வேண்டுமென்றே செய்பவரும் ‘ஹை’ போடுவார். அதனால் ஆர்ஏ கார்டு (போலி ஆர்ஏவைத் தடுக்கும் காவல் வசதி) உள்ள சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டர் இருக்கும் ஒரே போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதை இயக்குங்கள். வைஃபை பெட்டியிலும் அதே வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள், சுவிட்சில் மட்டும் போட்டால் ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையே அது நிற்காது. ஐபிவி6 பயன்படுத்தாத அலுவலகங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். விண்டோஸிலும் மேக்கிலும் ஐபிவி6 ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது, போலி ஆர்ஏ ஒன்று வந்தால் போதும்.

ஜூரோங், தொழிற்கூட நிர்வாகி: இரண்டு ரவுட்டர் வைத்திருக்கிறோம். ஒன்று செத்தால் 1800 விநாடி காத்திருக்க வேண்டுமா?

இல்லை. கணினி தன் ரவுட்டர் பேசுகிறதா என்று தானே சோதிக்கும். சுமார் 30 விநாடி உறுதிப்படுத்தல் எதுவும் வராவிட்டால் சந்தேகப்படும். அடுத்த பாக்கெட் அனுப்பும்போது 5 விநாடி பொறுத்து, விநாடிக்கு ஒன்றாக 3 முறை கேட்டுவிட்டு, மற்ற ரவுட்டருக்கு மாறிவிடும். ஆனால் ரவுட்டர் உயிரோடு இருந்து அதன் வெளி இணைப்பு மட்டும் அறுந்தால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும். அப்போது ரவுட்டரே ஆயுளை 0 ஆக்கி அறிவிக்கும்படி அமைக்க வேண்டும், அல்லது விஆர்ஆர்பி (இரண்டு ரவுட்டர்கள் ஒரே கேட்வே முகவரியைப் பகிரும் நெறிமுறை) 3ஆம் பதிப்பைப் போட்டு, அது வெளி இணைப்பையும் கண்காணிக்கும்படி செய்ய வேண்டும்.

முதலில் கேட்ட மாணவர்: இதையெல்லாம் நானே பார்க்க என்ன வேண்டும்?

லினக்ஸ் கணினி இரண்டு, நடுவில் ஒரு கேபிள். இரண்டு விர்ச்சுவல் மெஷின்களும் போதும். ஒன்றில் ஃபார்வர்டிங்கை இயக்கி ஆர்ஏ அனுப்பும் ஆர்ஏடிவிடி மென்பொருளை நிறுவி, எஃப்டி என்று தொடங்கும் /64 ப்ரிஃபிக்ஸ் ஒன்றைக் கொடுங்கள். மற்றதில் ஆர்எஸ் அனுப்பிப் பதிலைக் காட்டும் ஆர்டிஸ்க்6 கருவியை ஓட்டினால் ஆர்ஏ புலம் புலமாக விரியும். பிறகு ஆர்ஏடிவிடியை முறையாக நிறுத்துங்கள். அது கிளம்பும்முன் ஆயுள் 0 என்று கடைசி அறிவிப்பு அனுப்பும், கேட்வே அந்தக் கணமே மறையும். மறுபடி ஓடவிட்டு, இந்த முறை அதைச் சட்டென்று கொல்லும் கில் -9 கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள் தம்பி. விடைபெறும் அறிவிப்பு வராது, கேட்வே மிச்ச ஆயுள் தீரும்வரை பட்டியலில் அப்படியே கிடக்கும்.