சிடி4 குறைந்தவருக்கு ஏன் விதவிதமான நோய்கள் வருகின்றன?

தேவகோட்டையில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு எச்.ஐ.வி., சிடி4 எண்ணிக்கை 80, வாயில் வெள்ளைப் படிவம், விடாத இருமல் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் ஏன் ஒரேயடியாக வருகிறது என்பது உங்கள் கேள்வி.

எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 அணுக்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்களை. அவை குறைந்தால், நல்ல உடம்பை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூடத் தலைதூக்கும். இவற்றைத்தான் சந்தர்ப்பவாத நோய்த்தொற்றுகள் என்கிறோம். வாயில் படிவது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை, மருந்தில் அடங்கிவிடும். எனக்குக் கவலை அந்த இருமல்தான். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் தாக்குவது காசநோய், அது எந்த சிடி4 அளவிலும் வரும். உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள். சிடி4 200-க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவும் வரலாம். அதைத் தடுக்கத்தான் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தருகிறார்கள். 100-க்குக் கீழே மூளைக்காய்ச்சலுக்கும் வாய்ப்பு உண்டு. விடாத தலைவலி, குழப்பம், பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஊருணித் தண்ணீரை நம் பக்கம் விரும்பிக் குடிப்போம், அவருக்கு மட்டும் கொதிக்கவைத்துக் கொடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி வயிற்றுப்போக்கில் ஆளையே உருக்கிவிடும்.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை எப்போது தொடங்குவது என்பதை டாக்டர் முடிவு செய்வார். காசநோயோ மூளைத்தொற்றோ இருந்தால் முதலில் அதற்கு மருந்து, சில வாரம் கழித்து ஏ.ஆர்.டி. அரசு மையங்களில் இலவசம். 1097-க்கு போன் செய்தால் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள். அப்புறம், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், மருந்து சாப்பிட்டால் சிடி4 மறுபடி ஏறும்.