கெவின் என்று பெயர் வைத்தது தப்பா?

கேள்வி: என் மகன் பெயர் கெவின். கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு கிளம்புகிறோம். "அங்கே அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள், மாற்றிவிடுங்கள்" என்கிறார் அங்கிருக்கும் உறவினர். அப்படி என்ன இருக்கிறது அந்தப் பெயரில்?
- வாசகி, திருச்சி

பதில்: மாற்ற வேண்டாம்மா. அந்தக் கேலி அங்கே இருப்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பெயர் காரணமே இல்லை.

கெவின் அயர்லாந்துப் பெயர். பழைய ஐரிஷ் மொழியில் 'அன்புக்குரிய பிறப்பு' என்று பொருள். டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைகளில் கிளெண்டலாக் என்று இரண்டு ஏரிகள் உள்ள ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் அங்கே தனியாகத் தவமிருந்து, அப்புறம் மடம் அமைத்த துறவிதான் புனித கெவின். அவர் கையை நீட்டி ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒரு பறவை உள்ளங்கையில் கூடு கட்டி முட்டையிட்டுவிட, குஞ்சுகள் பறந்து போகிறவரை அவர் கையை அசைக்கவே இல்லை என்று ஒரு கதை உண்டு. ஜூன் 3 அவருடைய திருநாள்.

ஜெர்மனிக்கு இந்தப் பெயர் போன வழியே வேறு. 1977-இல் கெவின் கீகன் என்ற ஆங்கிலேயக் கால்பந்து வீரர் ஹாம்பர்க் அணிக்கு வந்தார், 1978, 79 இரண்டு வருடமும் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். பெயர் காதில் விழ ஆரம்பித்தது. பிறகு 'ஹோம் அலோன்' படம் வந்தது, ஜெர்மனியில் அதன் தலைப்பே கெவின் என்றுதான் தொடங்கும், 1991-இல் அங்கே ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் இதுதான்!

அப்படி ஆசையாக வைத்தவர்களில் சாதாரண வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. வசதியான வீடுகள் மாக்ஸிமிலியன் போன்ற பழைய பெயர்களின் பக்கம் போக, கெவின் என்றால் 'படிக்காத வீட்டுப் பிள்ளை' என்ற எண்ணம் மெல்லப் படிந்துவிட்டது. இதற்கு 'கெவினிஸ்முஸ்' என்று பட்டப்பெயர் வேறு. 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைப் பற்றிக் கேட்ட ஆய்வில், ஒருவர் "கெவின் என்பது பெயரல்ல, நோயின் பெயர்" என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தார். ஒரு ஆசிரியர் குழந்தையைப் பார்க்காமலேயே இப்படி நினைத்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! பெற்றோரின் வருமானத்தைக் கேலி செய்கிறார்கள், அடி விழுவது பிள்ளைக்கு.

ஆனால் அந்தக் கெவின்கள் வளர்ந்துவிட்டார்கள். 1989-இல் பிறந்த கெவின் கூனர்ட் 2021-இல் சமூக ஜனநாயகக் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். 2014-இல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் அணியிலும் ஒரு கெவின் இருந்தார், கெவின் குரோஸ்க்ராய்ட்ஸ். மகனுக்குக் கிளெண்டலாக் கதையைச் சொல்லிக்கொடுங்கள். அங்கே யாராவது சிரித்தால் சொல்ல அவனிடம் ஒரு பதில் இருக்கட்டும். வகுப்பாசிரியர் யாராவது பெயரை வைத்து அவனை எடை போடுவது தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள், நேரில் போய்ப் பேசுங்கள்.