பத்து நிமிடத்தில் திணறும் எஞ்சின்: பம்பை வாங்கும் முன் டேங்கைப் பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடியில் 22 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிச் செல்வேன். 60 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக், இன்ஜெக்‌ஷன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்). டேங்க் தளத்துக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்தியது. மழை மாதங்களில் கரையேற்றி வைத்துவிட்டு தை மாதம் இறக்கினேன். ஸ்டார்ட் ஆவதிலும் மெதுவாக ஓடுவதிலும் குறையில்லை. முழு வேகத்தில் 10 நிமிடம் போனால் 5,000-இல் இருக்கும் ஆர்.பி.எம். 3,000-க்கு இறங்கித் திணறுகிறது. அலாரம் எதுவும் அடிப்பதில்லை. நிறுத்தி 5 நிமிடம் விட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. பிளக் மாற்றியாயிற்று. ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: எஞ்சினுக்குப் பெட்ரோலை அழுத்தித் தள்ளும் அந்த ஹை பிரஷர் பம்புக்கு இன்னும் பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. அலாரம் அடிக்கவில்லை என்பதால், சூடேறியோ ஆயில் பிரஷர் குறைந்தோ எஞ்சின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. சாவியைத் திருப்பும்போது அலாரம் ஒருமுறை ‘பீப்’ என்று ஒலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒலிப்பானே செத்துப்போன படகுகளைப் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி, 10 நிமிடம் ஓடித் திணறுவதும் 5 நிமிடத்தில் தேறுவதும் பெட்ரோல் போதாமல் தவிக்கும் எஞ்சினின் அடையாளம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும். அதாவது 10 நிமிடத்தில் மூன்று லிட்டருக்கு மேல் டேங்கை விட்டு வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். காற்றுக்குழாய் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. மெதுவாக ஓட்டும்போது மணிக்கு ஓரிரு லிட்டர்தான் செலவு என்பதால் அடைப்பின் இடுக்கில் கசியும் காற்றே போதுமாகிவிடுகிறது. நிறுத்தி வைத்தால் அதே இடுக்கு வழியே காற்று மெல்ல நுழைந்து டேங்க் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் 5 நிமிடத்தில் எஞ்சினுக்கு உயிர் வருகிறது.

சூடேறியதும் தளரும் பம்பும் ஏறக்குறைய இப்படித்தான் காட்டும். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் எஞ்சின் மூடிக்குள் சூடு உடனே இறங்காது, முதலில் கொஞ்சம் ஏறவே செய்யும். 5 நிமிடத்தில் அது தேறிவிடுவது அபூர்வம்.

ஆகவே முதல் சோதனைக்குச் செலவே இல்லை. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, பயணிகள் இல்லாமல், கரைக்கு அருகிலேயே முழு வேகத்தில் ஓட்டுங்கள். திணறத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்த உடனே எஞ்சின் பழைய வேகத்துக்கு வந்தால் குற்றவாளி காற்றுக்குழாய்தான். படகின் பக்கவாட்டில் அது முடியும் இடத்தைப் பாருங்கள். மூன்று மாதம் கரையில் கிடந்த படகு அது. குளவிக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. ஓட்டைக்குள் மண்கூடு கட்டியிருக்கும். இல்லாவிட்டால் உப்பு இறுகியிருக்கும், அல்லது டியூப் எங்காவது மடங்கியிருக்கும். டியூபை டேங்க் பக்கம் கழற்றி, வெளியிலிருந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். டேங்கோடு சேர்த்து ஊதினால் கூடு உடைந்து உள்ளேதான் விழும்.

மூடியைத் திறந்தும் தேறவில்லையா? அடுத்து பெட்ரோல் ஓஸில் இருக்கும் பல்பை, அதாவது கையால் அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழை, தொட்டுப் பாருங்கள். திணறும் நேரத்தில் அது சப்பையாக உறிஞ்சப்பட்டிருந்தால் பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம் அடைப்பு இருக்கிறது. டேங்குக்குள் இறங்கும் குழாயின் சல்லடை, டேங்க் வாயில் பந்தும் ஸ்பிரிங்குமாக இருக்கும் சிறு வால்வு, இரண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஃபில்டர் பல்புக்கு முன்னால் இருந்தால் அதையும். பல்ப் தொளதொளவென்று இருந்து, கையால் அழுத்த அழுத்த எஞ்சின் தேறினால் எஞ்சினில் இருக்கும் சின்ன இழுவைப் பம்பின் டயாஃபிரம் என்ற ரப்பர் சவ்வு தளர்ந்திருக்கலாம், அல்லது வழியில் எங்கோ காற்று புகுகிறது. பல்ப் கல்லாக இறுகியிருந்தும் எஞ்சின் திணறினால்தான் சந்தேகம் எஞ்சினுக்குள் போக வேண்டும்.

காற்று புகுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலரும் ஓஸ் முழுக்கத் தடவிப் பார்த்து, ‘ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். இது இழுக்கும் பக்கம். இங்கே ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கனெக்டரின் தேய்ந்த ஓ-ரிங், துருப்பிடித்துத் தளர்ந்த கிளிப், ஃபில்டர் சரியாக உட்காராத ரப்பர் வளையம், இவற்றில்தான் பெரும்பாலும் பிடிபடும். எஞ்சினுக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்கு, பெட்ரோல் தாங்கும் கண்ணாடி போன்ற டியூபைத் தற்காலிகமாகப் பொருத்தி ஓட்டினால் குமிழ்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், நிரந்தரமாக வைக்கத் தகுந்ததல்ல அது.

இத்தனையையும் ஒரே வீச்சில் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. தூக்கிச் செல்லும் 25 லிட்டர் டேங்க் ஒன்றை, அதற்கென்று தனி ஓஸும் பல்புமாக, யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அன்று வாங்கிய பெட்ரோலை ஊற்றி, மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, எஞ்சினில் நேராக மாட்டி அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். திணறல் இல்லையென்றால் எஞ்சினில் பழுதில்லை, பழுது படகில் இருக்கிறது. இந்தச் சோதனை செய்யாமல் ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்லும் யாருக்கும் தலையாட்டாதீர்கள்.

இனி பெட்ரோல். 2025-இலிருந்து நம் பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பெரும்பாலான அவுட்போர்டுகளின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒப்புகின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், அரை டேங்க் பெட்ரோல் மூன்று மாதம் நின்றால் டேங்கின் உள்சுவரில் வியர்க்கும் நீரும் அதில் சேரும். தாங்கும் அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் படியும். குழாய் இழுப்பது அடியிலிருந்துதானே! ஃபில்டரில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்து இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கை முழுதாகக் காலி செய்தே ஆக வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

எத்தனால் பழைய ஓஸையும் கெடுக்கும். உள்ளுறை உரிந்து, இழுவை கூடும்போது கதவு மாதிரி மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். ஓஸுக்கு வயதாகிவிட்டது என்றால் சோதிப்பதைவிட மாற்றிவிடுவது மேல். படகுக்கென்று விற்கும் ஓஸையே வாங்குங்கள். நீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பழக்கத்தில் மண்ணெண்ணெய் கலக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு அது ஆகாது.

இரவல் டேங்கிலும் திணறினால்தான் மெக்கானிக் சொல்வதைக் கேட்க வேண்டும். அப்போதும் அளந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். எஞ்சின் பக்கத்தில், பெட்ரோலிலிருந்து ஆவியைப் பிரிக்கும் வேப்பர் செபரேட்டர் என்ற சிறு அறை இருக்கும். பல மாடல்களில் ஹை பிரஷர் பம்ப் அதற்குள்தான் இருக்கிறது. அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அதிலிருக்கும் பெட்ரோலைப் பாருங்கள். நீரோ பச்சைப் பாசியான படிவோ இருந்தால் பம்பின் காலில் உள்ள சல்லடை அடைத்திருக்கும். பிறகு பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் சுமார் 2.5 முதல் 3 பார் வரை காட்டும், உங்கள் மாடலின் அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கரையில் சும்மா ஓடும்போது அளந்தால் போதாது. கடலில், திணறும் அந்த நிமிடத்தில் அளக்க வேண்டும். முள் அப்போது இறங்கினால் பம்ப், சல்லடை, பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், பம்புக்கு வரும் மின்சாரம் இவற்றில் ஒன்று. முள் அசையாமல் நின்றால் பெட்ரோலை விட்டுவிட்டு இக்னிஷனைப் பாருங்கள்.

ஓஸைக் கழற்றும் முன் பேட்டரியைத் துண்டியுங்கள். பிரஷர் உள்ள இணைப்பைத் துணி சுற்றித்தான் தளர்த்த வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தளத்துக்கு அடியில் போய்த் தங்கும். வேலை முடிந்ததும் பலகைகளைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டுவிட்டு, முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். கரையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஒரு நொடிகூட வேண்டாம்.

உண்மையிலேயே பம்ப் பழுதாகியிருந்தாலும் மேலே சொன்ன டேங்க் பக்கச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள். அந்தப் பம்புக்குக் குளிர்ச்சியும் வழுக்கலும் தருவது அதன் வழியே ஓடும் பெட்ரோல்தான். வரத்துக் குறைந்து வறண்டு சுழன்ற பம்ப்தான் சீக்கிரம் போகும். காற்றுக்குழாயில் குளவிக்கூடு அப்படியே இருந்தால் புதுப் பம்பும் அதே வழியில்தான் போகும்.

டேங்கிலிருந்து எடுக்கும் பிரிந்த பெட்ரோலைக் கடலிலோ மணலிலோ கொட்டாதீர்கள், பைக்கிலும் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் அடைத்து, நிழலில் வைத்து, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கேட்டுக் கொடுங்கள்.