சட்டம் கேளுங்கள்: மறுவிசாரணை அதே நீதிபதியிடமே வந்தால்?

கேள்வி: கொலை வழக்கில் என் தம்பிக்குக் கூடுதல் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பே தரவில்லை என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பிவிட்டது. இப்போதும் அதே நீதிபதிதான். வேறு நீதிமன்றம் கேட்கலாமா? ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கலாமா?
— வாசகி, சிவகங்கை

பதில்: இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற தடை, முந்தைய தீர்ப்பு நடைமுறையில் இருக்கும்வரைதான். ரத்தான தீர்ப்பு தடையாகாது.

அதே நீதிபதி என்பதாலேயே வழக்கை மாற்ற மாட்டார்கள். ஆனால், 'இந்தச் சாட்சியை முழுமையாக நம்புகிறேன்' என்று தீர்ப்பில் எழுதியவரே அதே சாட்சியை மறுபடி எடைபோடப் போகிறார் என்றால், அது வலுவான காரணம். நீதிபதி மனதில் உண்மையில் பாரபட்சம் இருந்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. எதிரில் நிற்பவருக்கு நியாயமான அச்சம் ஏற்படுமா என்பதே அளவுகோல் என்று 1987-ல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் ராணுவ வீரர் எந்த அதிகாரி மீது புகார் கொடுத்தாரோ, அவரே ராணுவ நீதிமன்றத்திலும் உட்கார்ந்திருந்தார்.

முதலில் மாவட்ட முதன்மை அமர்வு நீதிபதியிடம் மனு போடுங்கள் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 448, பழையதில் 408). அங்கே தள்ளுபடியானால்தான், அதே மாவட்டத்துக்குள் மாற்ற உயர் நீதிமன்றம் போகலாம் (447; பழையது 407). அங்கே பிரமாணப் பத்திரம் வேண்டும். அரசு வழக்கறிஞருக்குக் காரணங்களின் நகலோடு நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 24 மணி நேரம் கழிந்தபிறகே உத்தரவிட முடியும். பெரும்பாலான மனுக்கள் தோற்பது, 'நீதிபதி கோபமாகப் பேசினார்' போன்ற ஆதாரமில்லாத வரிகளால். பழைய தீர்ப்பின் பத்தி எண்ணையும், குறுக்கு விசாரணை கேட்டு நிராகரிக்கப்பட்ட மனு இருந்தால் அதன் எண், தேதியையும் காட்டுங்கள். அற்ப மனு என்று தோன்றினால் எதிர்த்தரப்புக்கு இழப்பீடு கட்டச் சொல்லவும் அதிகாரம் உண்டு.

மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற உச்ச நீதிமன்றம்தான். குஜராத் கலவரக் கொலைகள் தொடர்பாக வதோதராவில் நடந்த பெஸ்ட் பேக்கரி வழக்கில், 2003-ல் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள். அரசு வழக்கறிஞரே குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்போல நடந்துகொண்டதாகக் கண்டித்த உச்ச நீதிமன்றம், 2004-ல் மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்தச் சொன்னது. 2006-ல் மும்பை நீதிமன்றம் 9 பேருக்குத் தண்டனை கொடுத்தது. 2012-ல் மும்பை உயர் நீதிமன்றம் அவர்களில் 4 பேரின் தண்டனையை மட்டும் உறுதி செய்தது.

எந்த நீதிபதி வந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவு, முழு விசாரணையையும் தொடக்கத்திலிருந்து நடத்தச் சொல்கிறதா, அந்தச் சாட்சியை மட்டும் திரும்ப அழைக்கச் சொல்கிறதா? முழு விசாரணை என்றால், பழைய வாக்குமூலத்தைக் கணினியில் திறந்து தேதியை மாற்றி, 'முன்பு சொன்னதுதானே?' என்று கேட்டு முடிக்கும் வழக்கத்துக்கு இடம் தராதீர்கள். சாட்சி தன் வாயால் சொல்ல வேண்டும். உங்கள் வழக்கறிஞரின் ஆட்சேபம் அந்த வாக்குமூலத் தாளிலேயே பதிவாக வேண்டும். பழைய வாக்குமூலத்தின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்குங்கள். பேச்சு மாறினால் முரணைக் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

அந்தச் சாட்சி இதற்குள் இறந்திருந்தால்? பழைய வாக்குமூலத்தை ஏற்க, அப்போதே குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் (புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 27). உங்கள் தம்பிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை.